நரி இல்லாத ஊரில் மயிலுக்கு என்ன குறை

2025 மார்ச் 15, சனிக்கிழமை காலை 8 மணிக்கு இலங்கை முழுக்க ஐந்தே நிமிடத்தில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. உங்கள் வளவுக்குள், வயலுக்குள், தோட்டத்துக்குள் குரங்கு எத்தனை நிற்கிறது, மயில் எத்தனை, மர அணில் எத்தனை என்று 8.05 வரை பார்த்து எழுதித் தர வேண்டும். பயிரை அழிக்கிற விலங்குகளை என்ன செய்வது என்று அரசாங்கம் தலையைப் பிய்த்துக்கொள்வது புதிதில்லை. 2023இல் ஒரு லட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று விவசாய அமைச்சரே பேசினார், எதிர்ப்பும் வழக்கும் வந்து அது நின்றுபோனது. ஐந்து நிமிடக் கணக்கைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறைய. நான் சிரிக்கவில்லை, எண்ணாமல் இருப்பதைவிட எப்படியாவது எண்ணுவது மேல் என்று நினைக்கிற கட்சி நான். ஆனால் அந்தப் பட்டியலில் நரி இல்லை. மயில் முட்டையைத் தின்கிற, எலியைத் தின்கிற, செத்த மாட்டைத் தின்று முடிக்கிற விலங்கு எத்தனை மிச்சம் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அதைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன்.

முதலில் எந்த நரி என்று தெளிவாக்கிவிடலாம், ஏனென்றால் தமிழில் இதில் ஒரு குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் இரண்டு விலங்குகள் இருக்கின்றன: ஓநாய்க்கும் நாய்க்கும் நெருங்கிய சொந்தமான, ஊளையிடுகிற பெரிய நரி ஒன்று, மேட்டுக்காட்டில் வளை தோண்டி வாழ்கிற சின்னதான வங்காநரி இன்னொன்று. குள்ளநரி என்ற பெயரை ஊருக்கு ஊர் இதற்கும் வைப்பார்கள், அதற்கும் வைப்பார்கள். சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு அதன் முகத்தில் விழித்தால் நல்லது என்று பிடித்துவந்து, பிறகு வனத்துறையிடம் அபராதம் கட்டுகிறார்களே, அது வங்காநரி. இலங்கையில் இந்தச் சிக்கலே கிடையாது. நாய்க் குடும்பத்தில் காட்டு விலங்கென்று தீவு முழுக்க ஒன்றே ஒன்றுதான், சிங்களத்தில் நரியா அல்லது ஹிவலா, தமிழில் வெறும் நரி. விலங்கியலில் பொன்னிற நரி என்ற இனத்தின் துணையினம் அது, தென்னிந்தியாவிலும் அதே துணையினம்தான். 1841இல் வாக்னர் என்ற ஜெர்மன்காரர் அதற்கு வைத்த பெயர் 'நாரியா', நம் ஊர்ச் சொல் அப்படியே அதில் ஒலிக்கிறது. 1916இல் ராட்டன் என்பவர் இலங்கை நரி தனி வகை என்று சொல்லி 'லங்கா' என்று பெயரிட்டுப் பார்த்தார், பின்னால் வந்தவர்கள் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். எடை பெரும்பாலும் பத்துக் கிலோவுக்குள்தான், நம் வீட்டு நாயில் நடுத்தரமான ஒன்றைவிடக் குறைவு. ஆணும் பெண்ணும் சோடியாக நிலைத்து வாழும். நாயைப் போலவே 63 நாள் வயிற்றில் சுமந்து குட்டி போடும். போன ஈற்றுக் குட்டிகளில் ஒன்றிரண்டு வீட்டை விட்டுப் போகாமல் தம்பி தங்கைகளுக்கு இரை கொண்டுவந்து கொடுக்கும். கதைகளில் வருகிற தந்திரக்கார ஒற்றை நரி எங்கிருந்து வந்ததோ தெரியாது, உண்மையான நரி நல்ல குடும்பஸ்தன்.

இனி தீவு விஷயம். கடல் மட்டம் தாழ்ந்திருந்த பனிக்காலத்தில் பாக்கு நீரிணை தரையாகக் கிடந்தது, விலங்குகள் நடந்தே வந்தன. கடைசியாகக் கடல் ஏறி அந்த வழி மூடி ஏறத்தாழ ஏழாயிரம் முதல் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. வந்தவற்றில் சிங்கமும் புலியும் இலங்கையில் எலும்பாக மட்டும் கிடைத்திருக்கின்றன, உயிரோடு நிலைத்தது சிறுத்தை. ஓநாய் இல்லை, செந்நாய் இல்லை, கழுதைப்புலி இல்லை. இதைவிட முக்கியமானது, பலர் கவனிக்காதது: பிணந்தின்னிக் கழுகும் இல்லை. எப்போதாவது வழி தவறி ஒன்று வந்து போகுமே தவிர, இலங்கையில் கூடு கட்டி வாழ்கிற பிணந்தின்னிக் கழுகு கிடையாது. இந்தியாவில் நான்கைந்து விலங்குகளும் பறவைகளும் பங்கு போட்டுச் செய்கிற வேலையை இங்கே நரி, காட்டுப்பன்றி, கபரகொய்யா என்கிற நீர் உடும்பு, காகம் என்று ஒரு சின்ன அணி செய்து முடிக்க வேண்டும். அந்த அணியில் தோலைக் கிழித்து, எலும்பை முறித்து, ஓர் இரவில் பல கிலோமீட்டர் நடந்து பிணத்தைத் தேடுகிற ஆள் நரிதான். யால தேசியப் பூங்காவில் சிறுத்தை அடித்துப்போட்ட மானுக்குப் பக்கத்தில் தள்ளி உட்கார்ந்து, அது எப்போது எழும்பும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் நரியைப் படமெடுக்காத சுற்றுலாப் பயணி குறைவு. சில நேரம் சிறுத்தை நரியையே அடித்துத் தின்றுவிடும், அது வேறு கதை.

பிணம் தின்பதை நாம் கேவலமாகப் பார்க்கிறோம். சரி, அந்த வேலைக்கு ஒரு விலை போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். செர்பியாவில் நரிகளின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, அந்த ஒரு நாட்டில் மட்டும் நரிகள் ஆண்டுக்கு 3,700 டன்னுக்கு மேல் வீசியெறியப்பட்ட கால்நடைக் கழிவைத் தின்று தீர்க்கின்றன, பயிரை அழிக்கும் எலி வகைகளில் 1 கோடியே 32 லட்சத்தை ஒழிக்கின்றன. செர்பியாவின் பரப்பு இலங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அந்த எண்ணைத் தூக்கி இங்கே அப்படியே வைக்க முடியாது, அங்கே பன்றி வளர்ப்பும் வேட்டையும் வேறு மாதிரி. ஆனால் 10 கிலோ விலங்கு ஒன்று செய்கிற வேலையின் அளவு எந்த வரிசையில் வரும் என்று மனதில் ஒரு பிடி கிடைக்கிறது.

துப்புரவாளன் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து நாட்டிலேயே பாடம் இருக்கிறது. இந்தியாவில் 1990களில் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்று பிறகு தெரிந்தது, 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் கழுகு தின்ன வேண்டிய பிணத்தை நாய்கள் தின்று பெருகின, தண்ணீரும் கெட்டது. 2000 முதல் 2005 வரை கழுகு அழிந்த மாவட்டங்களில் இதனால் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று 2024இல் ஃபிராங்க், சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்த எண்ணில் சண்டை பிடிக்க நினைப்பவர்கள் பிடிக்கலாம். இடம் காலியானால் அதில் நாய் வந்து உட்காரும் என்பதில் சண்டைக்கு இடமில்லை. கழுகே இல்லாத தீவில் நரியும் குறைந்தால் அந்தப் பிணமெல்லாம் யாருக்குப் போகும்? சந்தைக்குப் பின்னால் கோழி இறைச்சிக் கழிவு கொட்டுகிற இடத்துக்கு ஒரு நாள் பொழுதுபட்ட பிறகு போய்ப் பாருங்கள், பதில் அங்கேயே வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும்.

எலியை நான் சும்மா தாண்டிப் போக முடியாது, ஏனென்றால் வயல்காரன் வீட்டில் பிறந்தவன். நெல் கதிர் தள்ளுகிற நேரத்தில் வரம்பு முழுக்கத் துளை, துளைக்குள் அறுத்து இழுத்துப்போன கதிர். எங்கள் பக்கத்தில் ஒரு பெரியப்பா முறையானவர், வயலுக்குக் காவல் போகிறவர், குளக்கட்டில் நரியைக் கண்டால் கல் எடுக்க மாட்டார். "அது வரம்பு பார்க்க வந்திருக்குது தம்பி, விடு" என்பார். சும்மா வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு ஒரு விடியப்புறம் நானே பார்த்தேன்: வரம்பில் ஒரு நரி தலையைச் சாய்த்து, காதைத் தரைப் பக்கம் வைத்து அசையாமல் நிற்கிறது, ஒரு நிமிடத்துக்கு மேலேயே இருக்கும், பிறகு நாலு காலையும் சேர்த்து மேலே எம்பி முன்காலால் குத்தி விழுகிறது. எழும்பும்போது வாயில் வால் தொங்கியது. மூன்று வரம்பு தள்ளிப் போய் மறுபடி அதே நிற்பு. அது கோழியும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆட்டுக்குட்டி தனியாக நின்றால் அதையும் விடாது. அம்மம்மாவின் கோழிக்கூட்டை ஒரே இரவில் காலியாக்கியதும் ஒரு நரிதான், மனுசி அதற்குப் பிறகு பல காலம் நரி என்ற பெயரையே மரியாதையாகச் சொன்னதில்லை. கூட்டுக் கதவுக்கு ஒரு நல்ல கொண்டி போட்டிருந்தால் அந்தப் பிரச்சினையே வந்திருக்காது என்று சொன்ன தாத்தாவுக்கு அன்று சோறு தாமதமாகத்தான் கிடைத்தது.

மயிலுக்கு வருவோம். முன்பெல்லாம் உலர் வலயத்துப் பறவையாக இருந்த மயில் இப்போது ஈர வலயத்தில் வீட்டுக் கூரையில் ஏறி நிற்கிறது, விதைத்த வயலில் இறங்கி நெல்லைக் கிண்டுகிறது. 'நரி குறைந்ததால்தான் மயில் கூடியது' என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது, முழு உண்மை இல்லை என்பது என் கணக்கு. மயில் தரையில்தான் முட்டையிடும், புதர் ஓரத்தில் ஒரு சின்னக் குழி, அதில் நாலைந்து முட்டை. அடைகாக்கிற பேடு இரவும் பகலும் தரையில் கிடக்க வேண்டும், அது நரிக்கும் கீரிக்கும் உடும்புக்கும் இலையில் வைத்த சோறு மாதிரி. அந்தக் காவலன் இல்லாத ஊரில் குஞ்சுகள் கூடுதலாகத் தப்பும் என்பது சாதாரணக் கணக்கு. ஆனால் காட்டை வெட்டித் திறந்த வெளியாக்கியது நாம், மயிலுக்குப் பிடித்த தரையே அதுதான். அத்தோடு மயிலை அடித்துத் தின்ன மதப் பழக்கம் விடுவதில்லை. ஆக நரியைக் கொண்டுவந்து விட்டால் மயில் பிரச்சினை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குரங்குக்கும் அதே பதில்தான், மரத்தில் இருக்கிற குரங்கை நரி என்ன செய்யும்.

நரி பழமும் தின்னும் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். சூரைப்பழத்துக்கு ஆங்கிலத்தில் பெயரே 'நரி இலந்தை' என்றுதான். தின்ற பழத்தின் கொட்டை முழுசாக வெளியே வந்து, அது நடந்துபோகிற வழியெல்லாம் விழும், புதர்க்காடு தன்னை நகர்த்திக்கொள்கிற வழிகளில் அதுவும் ஒன்று. இதில் எனக்கு மிகப் பிடித்தது கோப்பிக் கதை. தேயிலைக்கு முன்னால் இலங்கை மலைநாடு முழுக்கக் கோப்பித் தோட்டம், 1869இல் இலைத்துரு நோய் வந்து பிறகு எல்லாம் அழிந்தது. அந்தக் கோப்பிக் காலத்தில், வயநாட்டிலும் இலங்கையிலும் நரிகள் நன்றாகப் பழுத்த கோப்பிப் பழமாகப் பார்த்துத் தின்னும் என்றும், எச்சத்தில் முழுசாக வரும் கொட்டைகளைக் கூலியாட்கள் பொறுக்கியெடுப்பார்கள் என்றும் ஜெர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1867இல் எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்கு மரநாய் எச்சத்தில் எடுத்த கோப்பியைத் தங்க விலைக்கு விற்கிறார்கள். அன்றைக்கு அதே சரக்கை, தமிழ்நாட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க நடந்துவந்த சனம் கங்காணிக்குப் பயந்து குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தது.

நரியை நாம் பார்க்கிற பார்வையில் இன்னொரு வில்லங்கம் நரிக்கொம்பு. கூட்டத்துக்குத் தலைமை நரியின் மண்டையில் மயிருக்குள் மறைந்து ஒரு சின்னக் கொம்பு முளைக்கும், அது கையில் இருந்தால் நினைத்தது நடக்கும், வழக்கு வெல்லும், நகைப்பெட்டியில் வைத்தால் கள்ளன் கிட்ட வரமாட்டான். டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி 1861இலேயே இலங்கையைப் பற்றி எழுதும்போது இந்த நம்பிக்கையை விவரிக்கிறார், பெயரைக்கூட 'நரி-கொம்பு' என்று நம் சொல்லாகவே எழுதுகிறார். அபூர்வமாகச் சில நரி மண்டையோட்டின் பின்பக்கம் எலும்பு சிறிது புடைத்திருப்பது உண்மை. விற்பனைக்கு வருவதில் பெரும்பாலானது ஒரு துண்டுத் தோலும் மயிரும் ஏதோ ஒரு நகத்துண்டும் சேர்த்து ஒட்டிய பொய்ச் சரக்கு. பொய்யாக இருந்தாலும் அதற்கு உண்மையான ஒரு நரியின் தோல் தேவைப்படலாம் என்பதுதான் கவலை. நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகியும் வழக்கு வெல்ல வக்கீலை விட நரி மண்டையை நம்புகிற ஆட்கள் குறையவில்லை, இப்போது இணையத்திலும் விலை போட்டுத் தேடுகிறார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் கொம்பு வியாபாரியைவிடப் பெரிய எதிரி நாய்தான், நாயென்று சொல்வதைவிட நாயைத் தெருவில் விட்டுவிட்டுப் போகிற நாம். மூன்று வழியில் இது நடக்கிறது. நாய் கூட்டமாக நின்று நரியின் உணவையும் இடத்தையும் பறிக்கிறது. நாயும் நரியும் ஒரே பேரினம் என்பதால் இரண்டும் கலந்து குட்டி போடவும் முடியும். மூன்றாவது நோய்: டிஸ்டெம்பர், பார்வோ என்கிற நாய் வைரஸ் நோய்கள், ரேபிஸ் என்கிற விசர் நோய். ஊசி போடாத நாயிடமிருந்து இவை எல்லாமே நரிக்குப் போகும். ரேபிஸ் வந்த நரி பட்டப்பகலில் ஊருக்குள் வந்து கண்டவரைக் கடிக்கும், அது உண்மையான ஆபத்து, அதை மூடிமறைத்து நரிக்கு வக்காலத்து வாங்க நான் தயாரில்லை. காட்டு விலங்கு எது கடித்தாலும், கீறினாலும்கூட, காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். ஆனால் மனிதருக்கு வருகிற ரேபிஸில் 99 சதவீதம் நாயிலிருந்து வருகிறது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரு நரி யாரையாவது கடித்தால் ஊரே பொல்லோடு புதருக்குள் இறங்குகிறது, ஊசி போடாத நாற்பது நாய் அதே ஊர்ச் சந்தியில் படுத்திருக்கிறது.

இது போக காட்டுப்பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கு. வைக்கிறவனுக்கு நரி மேல் எந்தக் கோபமும் இல்லை, இறைச்சிக்காகவோ பயிரைக் காக்கவோ பன்றிக்கு வைக்கிறான். ஆனால் சுருக்குக்குக் கண் கிடையாது, சிறுத்தையும் அதில்தான் சாகிறது. அப்புறம் இரவில் வேகம் கூடிய தெருக்கள். செத்த தவளை, செத்த பாம்பு தின்னத் தெருவுக்கு வருகிற நரி, அடுத்த வாகனத்தில் தானே பிணமாகிறது.

உலக அளவில் இந்த இனத்துக்கு ஆபத்து இல்லை, இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் 'கவலை குறைந்த' இனம். ஐரோப்பாவில் அது எஸ்தோனியா, டென்மார்க், நோர்வே வரை நடந்தே போய்ச் சேர்ந்துவிட்டது, அங்குள்ளவர்கள் இது எங்கிருந்து வந்தது என்று திகைத்து நிற்கிறார்கள். அதைக் காட்டி இங்கே சும்மா இருக்க முடியாததற்குக் காரணம் கடல். கிரேக்கத்தின் சாமோஸ் தீவிலும் நரி உண்டு, துருக்கிக் கரைக்கும் அதற்கும் நடுவில் ஒடுங்கிய இடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சம்தான் தண்ணீர். அங்கேயே தீவு நரி தனிக் கவனத்துக்குரிய கூட்டம். பாக்கு நீரிணையை நீந்தி வந்து எந்த நரியும் வன்னியில் குடியேறப் போவதில்லை. இங்கே ஓர் ஊரில் ஒழிந்தால் பக்கத்து ஊரிலிருந்து வரும், பக்கத்து ஊரிலும் ஒழிந்தால் கதை முடிந்தது.

நரிக்கென்று தனிச் சரணாலயம் கேட்க மாட்டேன். யாலவிலும் வில்பத்துவிலும் இருக்கிற நரி தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். நரி முக்கியமாக வாழ்கிற இடம் நம் இடம்: வயலுக்கும் குளத்துக்கும் நடுவில் விடுபட்ட புதர், பழைய சவக்காலை ஓரம், ஈச்சம்பற்றை, ஆற்றங்கரை. அந்தப் புதரைத்தான் நாம் 'துப்புரவு' என்று சொல்லி டோசர் விட்டு வழிக்கிறோம். அதில் ஒரு பங்கை விட்டுவைப்பது, சந்தைக் கழிவை மூடிப் புதைப்பது, நாய்க்கு ஊசி போடுவது, சுருக்கு வைப்பவனைப் பிடிப்பது — இது எதற்கும் நரி என்ற பெயரே எடுக்கத் தேவையில்லை, எல்லாமே வேறு காரணத்துக்காக எப்படியும் செய்ய வேண்டிய வேலை.

எண்ணுவதும் கஷ்டமில்லை. ஐரோப்பாவில் ஊளையை வைத்தே எண்ணுகிறார்கள்: பதிவு செய்த ஊளையை ஒலிபெருக்கியில் போடுவது, நிறுத்துவது, காத்திருப்பது. நரிக் குடும்பம் தன் எல்லையில் வேறு யாரோ கத்துகிறான் என்று சேர்ந்து பதில் கொடுக்கும், திசையையும் தூரத்தையும் குறித்துக்கொண்டால் இத்தனை குடும்பம் என்று வந்துவிடும். காலை எட்டு மணிக்கு இது சரிவராது, பொழுதுபட்ட பிறகுதான் சரி.

போன மாரிக்கு முன் ஒருநாள் நானும் பெரியப்பாவும் குளக்கட்டில் ஏறி நின்று கைபேசியில் ஓர் ஊளையைப் போட்டோம். ஒரே ஒரு தரம்தான், அடிக்கடி போட்டால் அதுகளுக்குக் கரைச்சல். நிறுத்தியதும் பதில் வந்தது, மூன்று பக்கமும் நாய்கள். அவை ஓய ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. "முந்தி இந்தக் கட்டிலை நிண்டால் நாங்கள் ஒண்டும் போடத் தேவையில்லை, அதுகளே தொடங்கும்" என்றார் அவர். கொசு கடித்தது, இறங்கலாம் என்று டார்ச்சை எடுத்தபோது குளத்துக்கு அக்கரையில், மிகத் தள்ளி, ஒன்று தொடங்கி இன்னொன்று சேர்ந்தது. பெரியப்பா இரண்டு விரலைக் காட்டினார். நான் மூன்று என்றேன். இன்னும் அதில் சண்டை தீரவில்லை.